கொழும்பிலிருந்து ரெண்டு மணி நேரம்

எனக்கு எண்பத்தாறு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது எட்டு. எட்டும் நன்றாகவே இருக்கின்றன. இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றாலும் கணக்கில் என்னை யாரும் ஏமாற்றியதில்லை. ஏழு வயதில் மட்டும் ஒரு கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

குற்றாலத்தில், கோயிலில் வைத்து அக்காவுக்குக் கல்யாணம். ஆனி மாதச் சாரல். மாப்பிள்ளை வீட்டார் திருவேங்கடத்துக் கரிசல்காட்டுக்காரர்கள். அன்று காலையில்தான் வந்து இறங்கினார்கள். எல்லாம் இருந்தது, அப்பாவைத் தவிர. அவருக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. முந்தின நாளே வந்துவிடுவதாகக் கடிதம் போட்டிருந்தார். கப்பலும் ரயிலுமாக இரண்டு நாள் வழி. முந்தின நாளின் கடைசி ரயிலும் வந்து போய்விட்டது.

மாப்பிள்ளையின் அப்பா, அம்மாவின் தம்பியான என் மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

"என்னவே, பொண்ணைப் பெத்தவரு எங்க? கொழும்புல வேற குடும்பம் இருக்குன்னு பேசுதாவளே, நெசந்தானா? அவரு கையால தாரை வார்க்காம எம் மவன் தாலி கட்ட மாட்டான். வண்டியப் பூட்டச் சொல்லுதேன்."

அம்மா தூணைப் பிடித்தபடி நின்றாள். மாமா சிரித்தார்.

"அத்தான் விமானத்துல வாறாவ அண்ணாச்சி. நேரா பறந்தா இருநூறு மைலுதான். ரெண்டு மணி நேரம். தென்காசி வயக்காட்டுல எறங்கி, ஜட்கா பிடிச்சு வந்திருவாவ."

"இந்தச் சாரல்ல பறக்குமாவே?"

"மேகத்துக்கு மேலல்லா பறக்கும்!"

முகூர்த்தம் முடிய அரை மணி இருக்கும். மலையில் பெருமழை போலும், அருவியில் வெள்ளம் வந்து இரைச்சல் திடீரென்று ஏறியது. மாமா கையைத் தூக்கினார்.

"கேக்கா அண்ணாச்சி? வந்தாச்சு!"

திருவேங்கடமே வெளியே ஓடி அண்ணாந்து பார்த்தது. பக்கத்தில் அருவி இருப்பது அவர்களுக்குத் தெரியும்; அது இப்படியும் இரையும் என்பது தெரியாது. எனக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன். மாமா ஒரு முழு லட்டை உள்ளே தள்ளினார்.

"ஏட்டி, சும்மா கெட."

நான் லட்டை விழுங்கி முடிப்பதற்குள் ஒரு ஜட்கா வந்து நின்றது. இறங்கியது அப்பாவேதான். விருதுநகரில் வண்டியைத் தவறவிட்டு, ராத்திரி முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

"ரெண்டு மணி நேரந்தானாமே?" என்றார் சம்பந்தி.

அப்பா விழித்தார். மாமாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "ஆமா அண்ணாச்சி. ரெண்டு மணி நேரந்தான்."

நான் சும்மா இருந்தேனா? "ரயிலு மாதிரி விமானத்துக்கும் கரி அள்ளிப் போடுவாவளாப்பா? மூஞ்சியெல்லாம் கரியா இருக்கே!"

மாமாவின் முகம் செத்துவிட்டது. சம்பந்தி அப்பாவை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து, அப்பாவின் நெற்றியை அவரே துடைத்துவிட்டார்.

"மேளத்தத் தட்டச் சொல்லுங்கவே. நேரம் ஆவுது."

அப்பாவின் முகத்தை அவர் ஏன் துடைக்கிறார், துண்டெல்லாம் கரியாகிறதே என்றுதான் எனக்கு அன்றைக்குக் கவலை.

ஏட்டி பேத்தி, எழுதினதை ஒரு தடவை வாசி பார்ப்போம். மெள்ள வாசி.