எங்களுக்கு நாய் வந்த விதம்

நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பில் குடியிருந்தோம். தோப்பு சென்னைக்காரர் ஒருவருடையது. அப்பா அங்கே வாட்ச்மேன். மோட்டார் கொட்டகையை ஒட்டிய ஒற்றை அறைதான் வீடு, ஆனால் அதற்குக் கதவு இருந்தது. அதற்கு முன் நாங்கள் தங்கிய இடங்களில் கதவு இருந்ததில்லை. பிற்பாடு நானும் பல ஊர்களில் கதவில்லாமல் தூங்கியிருக்கிறேன், பழகிவிடும். அம்மாவுக்குத்தான் அது பழகவில்லை. அதனால் அந்த அறையைத் தினமும் இரண்டு முறை பெருக்குவாள்.

ஓனர் ஒருநாள் காரில் ஒரு கறுப்பு நாயைக் கொண்டுவந்து இரும்புக் கூண்டில் விட்டார். பகலில் திறக்கக் கூடாது, யாரும் தடவிக் கொடுக்கக் கூடாது, பெயர் வைத்துக் கூப்பிடக் கூடாது என்றார். மனித முகம் பழகாமல் வளர்ந்தால்தான் நாய்க்கு வீரம் வரும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அப்பா அப்படியே செய்தார். நாய் கூண்டுக்குள்ளேயே வட்டமடித்துக்கொண்டிருந்தது. கூண்டின் தாழ்ப்பாள் தேய்ந்துவிட்டது என்று அப்பா போனில் சொன்னதற்கு, ஓனர் கம்பியால் கட்டிவைக்கச் சொன்னார். அப்பா கட்டினார்.

கம்பி அறுந்த அன்று புல் அறுக்க வந்திருந்தவள் நான் பெரியம்மா என்று கூப்பிடும் பக்கத்து ஊர்க்காரி. நாய் அவள் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அப்பா ஓடிவந்து தோள்துண்டை நாயின் கழுத்தில் போட்டு இழுத்துக் கூண்டில் தள்ளினார். அம்மா மோட்டாரைப் போட்டு, கொட்டுகிற தண்ணீரில் அவள் காலைப் பிடித்துச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தாள். வலியிலும் பெரியம்மாவின் வாய் ஓயவில்லை.

"ஏம்பா, நான் புல்லு அறுக்க வந்தனா, உன் நாய்க்கு நாஷ்டா குடுக்க வந்தனா?"

அப்பா ஓனருக்குப் போன் போட்டார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "ஆஸ்பத்திரியில தெருநாய்னு சொல்லிடுப்பா. என் பேரை இழுக்காதே."

உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு அப்பாவின் டிவிஎஸ்ஸில் போனோம். முன்னால் நான், பின்னால் பெரியம்மா. ஊசி போட்ட நர்ஸ், "தெருநாயா, வீட்டு நாயா?" என்று கேட்டார். அப்பா பெரியம்மாவின் காலைப் பார்த்தார்.

"வூட்டு நாய்தாம்மா. எங்களுது. சரியா கட்டிவெக்கல, என் தப்பு."

எனக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் இருப்புக் கொள்ளவில்லை. அதுவரை அது ஓனருடைய நாய் என்றல்லவா நினைத்திருந்தேன்! மறுநாளே வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். கருப்பன் என்று பெயரும் வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் சொன்னதை அப்பா அன்றே ஓனருக்குப் போனில் சொல்லிவிட்டார். ஒவ்வொரு ஊசிக்கும் அவர்தான் பெரியம்மாவைக் கூட்டிப் போனார். தாழ்ப்பாளைப் புதிதாக மாற்றினார். கன்றுக்குட்டிக்குப் போடும் வாய்க்கூட்டை நாய்க்குப் போட்டு, கயிற்றில் பிடித்துத் தோப்பைச் சுற்றி நடத்தினார். ஆட்கள் வந்தால் தள்ளி நிறுத்தி, அது முறைப்பதை விடும்வரை காத்திருப்பார். அதன் பிறகுதான் சோறு. "ஒக்காரு" என்று அவர் சொன்னால் முதலில் உட்கார்ந்தது நான்தான். என்னைப் பார்த்துத்தான் கருப்பன் கற்றுக்கொண்டது என்று இன்றும் நம்புகிறேன். பெரியம்மா முதலில் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றாள். அப்புறம் ஒருநாள் அவளாகவே, "இன்னாடா, என் காலு ருசியா இருந்துச்சா?" என்று கேட்டபடி பன்னைப் பிய்த்துப் போட்டாள். கருப்பன் உட்கார்ந்துகொண்டு அவளைப் பார்த்தது.

மாங்காய் இறக்கும் நேரத்தில் ஓனர் வந்தார். நாய் அவரைப் பார்த்துக் குரைத்தது. அப்பா "ஒக்காரு" என்றதும் உட்கார்ந்து வாலை ஆட்டியது. நான் கை தட்டினேன். ஓனர் முகம் சிவந்தது.

"நாயைக் கெடுத்து வெச்சிருக்கே. இதுக்கு எதுக்கு வாட்ச்மேன்? உன் நாய்னுதானே ஆஸ்பத்திரியில சொன்னே? எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

"கடிக்கலன்னு கோவப்படற மனுசன இப்பதான் பாக்கறேன்" என்றாள் மாங்காய் பொறுக்க வந்திருந்த பெரியம்மா. அப்பா எங்கள் சாமான்களைக் கட்டினார். பெரியம்மா வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலிக்காக டிவிஎஸ் அதற்கு முன்பே கைமாறியிருந்தது.

பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார்கள். அம்மா, "அத்த வுட்டுட்டு வாயேன்" என்றாள்.

"இங்க வுட்டா நாளைக்கு இன்னொருத்தரக் கடிக்கும். அவங்க யாரப் போய் கேப்பாங்க?" என்றார் அப்பா.

மூட்டைகளோடு ஏரிக்கரை வழியாக நடந்தோம். நான் திருவிழாவுக்குப் போகிறவன்போல முன்னால் போனேன், கருப்பனின் கயிறு என் கையில். பாதி வழியில் அம்மா மூட்டையை இறக்கிவைத்துக் கரையில் உட்கார்ந்து முகத்தைப் புடவையால் மூடிக்கொண்டாள். அப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவளுக்குக் கால் வலிக்கிறது என்று நினைத்தேன். திரும்பி வந்து, கயிற்றை அவள் கையில் வைத்தேன். அழுகிறவளுக்குக் கொடுக்க அதைவிடப் பெரிதாக என்னிடம் அன்று வேறு எதுவும் இல்லை.