இத்தாலிக் காக்காவின் உம்மா

தேங்காய் வாசம், ஆனால் தேங்காய் அல்ல. வெயிலில் இளகிய மெழுகின் வாசம். அலைப்பலகையில் கால் வழுக்காமலிருக்கப் பூசுகிற அந்த வெள்ளை மெழுகு, கல்முனையிலிருந்து பொத்துவில் போகிற பஸ்ஸில் போன மாதம் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. நிமிர்ந்து பார்த்தால், பலகையை மடியில் சாய்த்துக்கொண்டு ஒரு பெடியன் தூங்கிக்கொண்டிருந்தான். பஸ் ஓடியது, வயல் ஓடியது, வயலுக்கு மேலே கொக்குகள் ஓடாமல் நின்றன. என் கையிலிருந்த போனில் யாரோ ஒரு தகப்பன் வெள்ளைத் துணிப் பொட்டலமொன்றை நெஞ்சோடு அணைத்தபடி இடிபாடுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தான். நான் போனை மூடினேன். மெழுகு வாசத்தை மூட முடியவில்லை.

இந்த நாள்களில், அந்த வாசத்தோடு எங்கள் வளவுக்கு வந்த ஒருவரைப் பற்றி எழுதுவது லேசல்ல. எழுதாமலிருப்பதும் லேசாக இல்லை.

அப்போது நாங்கள் பொத்துவிலுக்குப் பக்கத்தில், உல்லைக் கரையில் இருந்தோம். வாப்பா வளவுக்குள் கிடுகு வேய்ந்த இரண்டு குடில்கள் கட்டி வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். நாட்டில் சண்டை நடந்த காலம். வருகிறவர்கள் குறைவு, வந்தவர்கள் போக மனமில்லாதவர்கள். அப்படி ஒரு கச்சான் காற்றுக் காலத்தில் அவர் வந்தார். எந்த நாடு என்று வாப்பா கேட்டதற்கு இத்தாலி என்றார். சொன்னவுடன் அவருடைய காதுகள் சிவந்துபோயின. பொய் சொல்லிப் பழகாத காதுகள். மூத்த சகோதரனைக் காக்கா என்பது எங்கள் வழக்கம். ஆகவே எனக்கு அவர் இத்தாலிக் காக்கா.

அவர் எப்போதும் வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார். கடலில் முதலில் தான் இறங்கி, நீரோட்டத்தை இடுப்பால் அறிந்து, பிறகுதான் மற்றவர்களைக் கூப்பிடுவார். என்னோடு கதைக்கும்போது குந்தியிருந்து தன் கண்ணை என் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து வைப்பார். அந்த நேரத்தில் கடல் அவருடைய தோளுக்கு மேலே ஒரு நீல வேலி மாதிரி நிற்கும். சாப்பாட்டில் மட்டும் அவரோடு பெரிய வழக்கு. எல்லாரும் எடுத்த பிறகுதான் அவர் எடுப்பார். விருந்தாளி கை வைக்காமல் உம்மா எங்களைக் கை வைக்க விடமாட்டார். சோறு ஆறும், தேங்காய்ப்பால் விட்ட பாலாணக் கறி ஆடை கட்டும். ஒருநாள் உம்மா பொறுமை போய், கல்யாண வீட்டுப் பெருந்தட்டான சகனை இறக்கி, அதில் மலைபோலச் சோற்றைக் கொட்டிச் சுற்றிவர எல்லாரையும் உட்காரவைத்தார். முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளும் இல்லை. அவர் அன்றைக்கு வயிறு குலுங்கச் சிரித்தார்.

அந்தச் சகனைச் சுற்றியிருந்த ஓர் இரவில்தான் உண்மை வந்தது. உம்மா இறால் பொரித்திருந்தார். இத்தாலிக் காக்கா தொடவில்லை.

"இத்தாலியில இறால் இல்லையா, இத்தாலிக்கு இறாலே ஹறாமா எண்டு கேளுங்க," என்று உம்மா பகிடியாகச் சொல்ல, வாப்பாவின் தம்பி, ஆங்கிலம் தெரிந்த சாச்சா, அதைக் கேட்டுவைத்தார். இத்தாலிக் காக்கா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, தன் மார்க்கத்தில் இறால் விலக்கு என்று தொடங்கி, தன் நாட்டின் பெயரைச் சொன்னார். அங்கே தான் ஒரு பட்டாள அதிகாரி, லெப்டினன்ட், இது தனக்குக் கிடைத்த நீண்ட லீவு என்றும் சொன்னார். காது சிவக்கவில்லை.

வாப்பா எழும்பிக் கடற்கரைக்குப் போனார். இஷாத் தொழுகை முடிந்த பிறகுதான் வந்தார். வந்து, குடில் வாசலில் பையைக் கட்டிவைத்துக் காத்திருந்தவரிடம் சாச்சாவை வைத்துச் சொன்னார்: "ஊருக்கு இத்தாலி எண்டே இரிங்க. ஊட்டுக்குள்ள சோறு சோறுதான்."

வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கத்தில் அந்த நாட்டின் குண்டுகளுக்குக் கீழே கிடக்கிற ஜனங்களுக்காக துஆ கேட்பார்கள். வாப்பா கண்கலங்க ஆமீன் சொல்வார். வந்து, பட்டாளத்து லெப்டினன்டுக்கு இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். இரண்டும் வாப்பாவுக்கு உண்மையாக இருந்தன. எப்படி என்று நான் அப்போது கேட்கவில்லை. இப்போது கேட்க வாப்பா இல்லை.

கச்சான் ஓய்ந்ததும் அவர் போனார். அடுத்த கச்சானில் அவர் வரவில்லை. அவருடைய உம்மா வந்தார்.

நடுப்பகல், வெயில் வெள்ளையாகி மணலும் வானமும் ஒன்றான நேரம். படலையைத் திறந்துகொண்டு, காற்றில் மிதந்து வந்தவர் மாதிரி, நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார மனிசி. நீலச் சட்டை. சட்டையின் வலப்பக்கக் கழுத்து ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து ஊசியால் குத்தியிருந்தது. கையில் ஒரு படம். படத்தில் பச்சை உடுப்போடும் தொப்பியோடும் யாரோ ஒருவர். எனக்கு ஆளைத் தெரியவில்லை. சட்டை போட்டு அவரை நான் பார்த்ததே இல்லை. காதுகளைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

எல்லைச் சண்டையில் விழுந்துவிட்டாராம். தன் பிள்ளைகளில் ஒருவனை, தனக்குக் கீழிருந்த பட்டாளத்துப் பிள்ளையை, இழுத்துவரப் போன இடத்தில். உம்மா மரணச் செய்திக்கு ஓதுகிற வசனத்தை "இன்னாலில்லாஹி" என்று தொடங்கி, அதை இவருக்குச் சொல்லலாமா என்று தெரியாமல் பாதியில் நிறுத்தி, பிறகு முழுதாகவே சொல்லி முடித்தார்.

அந்தப் பெண் வந்தது ஒன்றைக் கேட்க. தன் மகன் கடைசியாகச் சந்தோஷமாக இருந்தது இங்கேதானாம். வீட்டில் வாய் திறக்காத பிள்ளை. இங்கே எப்படி இருந்தான், என்ன கதைத்தான், ஒன்றையும் கூட்டாமல் சொல்ல வேண்டுமாம். வாப்பாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம். "குட் போய். வெரி குட் போய்," என்றார். அந்தப் பெண் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கண் மட்டும் கேட்டதில் நிறையவில்லை. நல்ல பிள்ளை என்று அவருடைய ஊரே சொல்லியிருக்கும். அதற்காக யாராவது கடல் தாண்டி வருவார்களா.

அறிந்தவர் சாச்சா. மோட்டார் சைக்கிளில் ஊரூராக இத்தாலிக் காக்காவைக் கொண்டுதிரிந்தவர். ஆனால் சாச்சா படத்தைப் பார்த்தார், தனக்கு வேலை இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கிணற்றடிப் பக்கமாக விலகிப் போனார். வாப்பா பின்னால் போனார். தென்னைக்குப் பின்னால் அவர்கள் கதைத்தது எனக்குக் கேட்டது.

"காக்கா, அவனுக்கு நான் அழுவன். ராவைக்குப் படுக்கையில அழுவன். அது வேற. அந்தப் படத்தில இரிக்கிற உடுப்புக்கு நான் என்னத்தக் கதைக்க?"

"உடுப்புக்கு ஆரு கதைக்கச் சொன்ன? பெத்தவ வந்திரிக்கா."

"பெத்தவங்க அங்காலயும் இரிக்காங்க காக்கா. அவங்கட ஊட்டுப் படலையத் தட்டி ஆரு கதைக்கிற?"

வாப்பா தனியே திரும்பி வந்தார். சாச்சா கரையிலிருந்த மீன்வாடிக்குப் போய், அங்கேயே படுத்துக்கொண்டார்.

அந்தப் பெண் காத்திருந்தார். மகன் இருந்த குடிலில், மகன் இருந்த கதிரையை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டு. கடல் பகல் முழுவதும் தன் பாயை விரித்தும் சுருட்டியும் கொண்டிருந்தது. உம்மா சோறு கொண்டுபோனார், தேத்தண்ணி கொண்டுபோனார். மௌத்து வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி மூடிக் கொண்டுபோனார். கதைக்கப் பொதுவாய் ஒரு சொல்லும் இல்லாமல் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள்.

மறுநாள் காலையில் அவர் கிணற்றில் குளித்து உம்மாவின் நீளக் கவுணைப் போட்டுக்கொண்டு கரையில் நடக்கப் போக, உம்மா அவருடைய உடுப்புகளை எடுத்துத் துவைத்தார். நீலச் சட்டையின் ஊசியைக் கழற்றிப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"பாவம் மனிசி. கவலையில கிழிஞ்சது கூடத் தெரியல்ல போல. எங்கட ஊட்டில இருந்து கிழிஞ்ச சட்டையோட போனா ஊரு என்னத்தச் சொல்லும்."

காய்ந்ததும் மடியில் வைத்துத் தைத்தார். மெசினில் அல்ல, கையால். அதே நீல நூல் தேடி, இழையோடு இழை சேர்த்து, கிழிசல் இருந்த இடம் தெரியாமல். எங்களில் மௌத்துக்குச் சட்டையைக் கிழிப்பது ஆகாத காரியம், மார்க்கம் தடுத்தது. துக்கத்துக்கு உடுப்பைக் கிழிக்கச் சொல்கிற ஒரு மார்க்கமும் இருக்கலாம் என்பது உம்மாவின் கனவிலும் இல்லை. தைத்துக் கொடியில் போட்டுவிட்டு, சந்தோஷப்படப்போகிற ஒருவரை எதிர்பார்த்துக் குசினி வாசலில் நின்றார்.

அவர் வந்தார். சட்டையை எடுத்தார். விரல் தானாகக் கழுத்துக்குப் போனது. தேடியது. சட்டையைத் திருப்பி உள்பக்கம் தேடியது. பிறகு கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டார். அவரிடமிருந்து வந்த சத்தம் அழுகை மாதிரி இருக்கவில்லை; வாளி இல்லாமல் கயிறு மட்டும் கிணற்றுக்குள் இறங்குகிற சத்தம்.

"ஓடு மகள், சாச்சாவக் கூட்டிவா. நான் என்னத்தயோ செஞ்சிட்டன்," என்றார் உம்மா.

சாச்சா வந்தார். வராமலிருக்க முடியவில்லை, இரண்டு பெண்களுக்கு நடுவில் ஒரு சட்டை கிடந்தது. அவர் கேட்டார், அந்தப் பெண் சொன்னார், சாச்சா மண்ணைப் பார்த்தபடி, தனக்கு மச்சி முறையான உம்மாவுக்குச் சொன்னார்.

"மகன் மௌத்து எண்டு வாசலுக்கு வந்து சொன்னோடன கிழிச்சதாம், மச்சி. அது அவங்கட முறையாம். பிள்ளைக்குக் கிழிச்சதெண்டா ஒரு மாசத்தால தைக்கலாமாம். குத்தமில்லையாம். இவதான் தைக்காம வெச்சிருந்த."

உம்மா தலையில் கை வைத்தார். பிளேடு எடுத்துவந்து, கண்ணீர் சொட்டச் சொட்டத் தன் தையலைத் தானே பிரிக்கக் குனிந்தார். அந்தப் பெண் உம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். மெல்லப் பிளேடை வாங்கி, மேலே ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் நூலை அறுத்தார். மிச்சத்தை அப்படியே விட்டார். பிளேடைத் திரும்ப உம்மாவின் கையில் வைத்து, அந்தக் கையை மூடினார்.

சாச்சா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கிணற்றுக் கட்டின் மறு ஓரத்தில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே ஆங்கிலத்தில் கதைக்கத் தொடங்கினார். நிறைய நேரம் கதைத்தார். கோமாரி என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது. அது வந்து வந்து போனது, கறுப்பு மீன் மேலே வந்து போவது மாதிரி.

என்ன சொன்னார் என்பதை நான் கல்யாணம் முடித்த பிறகு ஒருநாள்தான் சாச்சா எனக்குச் சொன்னார். அக்கரைப்பற்றிலிருந்து வரும் வழியில் கோமாரிப் பட்டாளச் சாவடியில் சாச்சாவை இறக்கி, கையைத் தலையில் வைத்துக் கொதிமணலில் முழங்காலில் நிறுத்தினார்களாம். வெள்ளைக்காரரை நிழலில் இருக்கச் சொன்னார்களாம். அவர் நிழலில் இருக்கவில்லை. போய்ச் சாவடிப் பெரியவனோடு பட்டாளத்தானும் பட்டாளத்தானும் கதைக்கிற மாதிரிக் கதைத்தார். சிகரெட் மாற்றிக்கொண்டார்கள். சிரித்தார்கள். சாச்சாவை விட்டார்கள். உயிரைக் காத்த அந்தச் சிரிப்பைச் சாச்சாவால் மன்னிக்க முடியவில்லை. கொஞ்சத் தூரம் வந்ததும் பின்னால் இருந்தவர் நிறுத்தச் சொன்னார். ரோட்டோரம் இறங்கிச் சத்தியெடுத்தார். தானும் ஆள்களை இப்படி முழங்காலில் நிறுத்தியிருப்பதாகச் சொன்னார். அவர்களுக்கும் இப்படி ஒரு பிடரி இருந்திருக்கும், அதில் இப்படி வியர்வை வழிந்திருக்கும், இன்றைக்குத்தான் கண்டேன் என்றாராம். அப்ப திரும்பிப் போகாதே என்றார் சாச்சா. தனக்குக் கீழே பிள்ளைகள் இருக்கிறார்கள், தான் போகாவிட்டால் அந்த இடத்தில் தன்னிலும் கெட்டவன் வந்து நிற்பான் என்றார் அவர்.

"அது சரியா பிழையா எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியா. அதையும் அவவுக்குச் சொன்னன்," என்றார் சாச்சா.

கிணற்றடியில் அந்தப் பெண் இடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அவனே தன் வாயால் இதைச் சொன்னானா என்று. ஓம் என்று சாச்சா தலையாட்டினார். அந்தப் பெண் தன் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்கு மேலே கண்கள், வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, நிறைந்திருந்தன.

அடுத்த நாள் விடியலில் வேன் வந்தது. கடலுக்கு மேலே வெளிச்சம் இன்னும் தண்ணீரா வானமா என்று முடிவெடுக்காமல் கிடந்தது. அவர் நீலச் சட்டையைப் போட்டிருந்தார். படலையடியில் உம்மா அவருடைய கையை விடவில்லை. எங்கள் பெண்கள் எந்த மௌத்திலும் கேட்கிற ஒன்றை உம்மாவும் கேட்டார்.

"தம்பி, மகன ஆரு குளிப்பாட்டின எண்டு கேளுங்க."

சாச்சா தயங்கிக் கேட்டார். அந்தப் பெண் மெல்லச் சொன்னார்.

"குளிப்பாட்டல்லையாம் மச்சி. சண்டையில விழுந்த ஆக்கள அவங்க குளிப்பாட்டுறல்லையாம். ரெத்தத்தோட அப்பிடியே அடக்குறயாம்."

உம்மா அவரை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அல்லாஹ்வின் பாதையில் சண்டையிட்டு விழுகிறவரை எங்களிலும் குளிப்பாட்டாமல்தான் அடக்குவார்கள் என்பதை நான் ஓதிப் படிக்காத வயது. அந்த மரியாதையை எந்தப் பிள்ளைக்குக் கொடுக்கலாம், எந்தப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்று உலகம் சண்டை பிடிப்பதும் தெரியாது. உம்மா அவருடைய தோளுக்கு மேலால் சாச்சாவைப் பார்த்ததும், சாச்சாவின் முகம் கல்லானதும் மட்டும் தெரிந்தது.

"எங்கள்லயும் அப்பிடித்தான் எண்டு சொல்லுங்க தம்பி."

சாச்சா வேன் கதவைப் பிடித்தபடி நின்றார். டிரைவர் எஞ்சினைப் போட்டான். கடைசியில் சாச்சா ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார், மிகச் சின்னதாக. அந்தப் பெண் தலையசைத்து ஏறிக்கொண்டார்.

"சொன்னீங்களா?" என்றார் உம்மா.

"கவனமாப் போகச் சொன்னன், மச்சி."