வலி இல்லாத நேரத்தில் விழுந்த குழி

அந்த மருத்துவமனையில் அவளை எல்லோரும் 'ஈசிஜி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாக நெஞ்சில் ஒயர் ஒட்டித் தாளைக் கிழித்துக் கொடுப்பவள். படித்துச் சொல்வது மருத்துவரின் வேலை. ஆனாலும் தாளைத் தானும் ஒரு பார்வை பார்க்காமல் அவளுக்குக் கை நீளாது.

அன்று காலை வந்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். முந்தின நாள் படியேறும்போது நெஞ்சை அழுத்தியதாம், கால் மணி நேரத்தில் தானாகவே விட்டுவிட்டதாம். மனைவி விடாப்பிடியாக இழுத்து வந்திருந்தார். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஒரு ஈசிஜி எடுத்துவிட்டு, டிரெட்மில்லில் ஓடவைத்துப் பார்க்கும்படி மருத்துவர் எழுதியிருந்தார்.

"இப்ப வலி இருக்கா?" என்று கேட்டாள்.

"சுத்தமா இல்லீங்க. சீக்கிரம் விட்டீங்கன்னா வேலைக்குப் போயிடுவேன்."

தாள் நகர்ந்து வந்தது. நெஞ்சுக்கு நடுவே ஒட்டிய இரண்டு ஒயர்களின் கோட்டில் அவள் கண் நின்றது. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு வட்டமாக எழும்பி அடங்க வேண்டிய சிறு மேடு, எழும்பிய கையோடு கீழே குழிந்திருந்தது. இடம் மாற்றி ஒட்டிவிட்டோமோ என்று கழற்றி மறுபடி ஒட்டினாள். அதே குழி.

வலி விட்ட பிறகுதான் இந்தக் குழி தெரியும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். இதயத்தின் முன்பக்கத்துக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய் மயிரிழை அளவுக்குச் சுருங்கியிருக்கலாம். அப்படிப்பட்டவரை ஓடவிட்டால் உயிருக்கே ஆபத்து.

மெக்கானிக் அதற்குள் டிரெட்மில் பக்கம் நகர்ந்திருந்தார். அவரை உட்காரவைத்துவிட்டு, வெளியே காத்திருந்த கூட்டத்தைத் தாண்டி மருத்துவரிடம் போனாள். அப்படிப் போவது அவள் வழக்கமில்லை. தப்பாக இருந்தால் மூக்கு உடைபடும் என்ற பயம் வேறு.

மருத்துவர் தாளைப் பார்த்தார். முகம் மாறியது.

"ஓட வெச்சுட்டீங்களா?"

"இல்ல சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "நல்ல வேளைம்மா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க."

மதியமே பெரிய மருத்துவமனையில் ஆஞ்சியோ எடுத்தார்கள். தொண்ணூற்றைந்து சதவீத அடைப்பு. உடனே ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள், ஆள் நன்றாக இருக்கிறார் என்று போன் வந்த பிறகுதான் அவளுக்குப் பசியே எடுத்தது.

மூன்றாம் நாள் மெக்கானிக்கின் மனைவி அவளைத் தேடி வந்தார். வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்பாட்டுல உப்பே இல்லன்னு நர்ஸோட சண்டை போடறாருக்கா. அப்பத்தான் மனுஷன் பொழைச்சுட்டாருன்னு எனக்கு நம்பிக்கை வந்துச்சு."

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அடுத்து ஈசிஜி எடுக்க வந்தவர் சட்டையைக் கழற்றுவதா வேண்டாமா என்று விழித்துக்கொண்டு நின்றார்.