புங்க மரத்தில் கூடிய கொக்குகள்

ஆம்பூரில் கடைத்தெருவை ஒட்டி ஓடும் கானாற்றில்தான் எங்கள் தோல் பதனிடும் ஷாப்புக்காரர்கள் பச்சைத் தோலை ஊறப்போடுவார்கள். அது என் அப்பாவின், எங்கள் நைனாவின் வேலை. ஆட்டுத் தோல்களைக் கட்டாகக் கட்டி, கரையில் முளையடித்து, தண்ணீரில் விடுவார். தோலில் ஒட்டிய சதையைத் தின்ன மீன் வரும். மீனைத் தின்னக் கொக்கு வரும். அது குறி தப்பிக் கொத்தினால் தோலில் ஓட்டை விழும். ஆகவே கொக்கு ஓட்டுவது என் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ஒரு மழைக்காலத்தில் விடிந்து பார்த்தால், வெள்ளம் முளையோடு எல்லாக் கட்டுகளையும் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. ஷாப்பு மேஸ்திரி கரையில் நின்று கத்தினார்.

“சாயங்காலத்துக்குள்ள தோலு வரணும். இல்லன்னா சட்டிபானைய தூக்கிக்கினு குடிசைய காலி பண்ணு!”

குடிசை ஷாப்புடையது. அதை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை. வெள்ளம் தணிந்ததும் ஆட்கள் பாலாறு வரை தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள்.

நான் வழக்கம்போலக் கரைக்குப் போனேன். ஓட்டுவதற்கு ஒரு கொக்குகூட இல்லை. எங்கே போய்த் தொலைந்தன என்று கரையோடு நடந்தேன். பாலத்தருகே வெள்ளத்தில் சாய்ந்து கிடந்த புங்க மரத்தின் மேல் அத்தனையும் இருந்தன. அந்த ஆழத்தில் அவற்றால் கால் ஊன்ற முடியாது; மரம் வசதியாகப் போய்விட்டது. பக்கத்தில் இன்னொன்று வந்தாலே சண்டைக்குப் போகும் மடையான் கொக்குகள்கூட நெருக்கியடித்து நின்று, கிளைகளுக்கு அடியில் கொத்திக்கொண்டிருந்தன.

ஓடிப்போய் நைனாவின் கையைப் பிடித்து இழுத்தேன். “நைனா, தோலு அந்த மரத்துக்கு அடியில கீது. கொக்குங்கல்லாம் அங்கதான் கீது.”

மேஸ்திரி சிரித்தார். “இன்னா பாப்பா, கொக்கு தோலு திங்குதா?”

“தோலு திங்கலங்க. தோலைத் திங்கிற மீனைத் திங்குது.”

ஆண்கள் நடுவே அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. மேஸ்திரியின் சிரிப்பு நின்றது. நைனா மரத்தடியில் மூழ்கினார். எழுந்தபோது கையில் கட்டுக் கயிறு இருந்தது! கிளைகளில் சிக்கி எல்லாக் கட்டுகளும் பத்திரமாகக் கிடந்தன. கரையில் எழுந்த கூச்சலில் கொக்குகள் வெள்ளை வேட்டியை உதறியதுபோலக் கிளம்பின. நைனா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடைத்தெருவில் நடந்தார். மிட்டாய்க்கடை பாய், “சபாஷ் பேட்டி!” என்று மகளைக் கூப்பிடுவதுபோல உருதுவில் சொல்லி, என் வாயில் ஒரு ஜிலேபியைத் திணித்தார்.

அன்று சாயங்காலம் நைனா, “நாளையிலேர்ந்து நீ கொக்கு ஓட்ட வராத” என்றார். பெரியவர்கள் நடுவே வாய் திறந்ததற்குத் தண்டனை என்று நினைத்து, சோறு தின்னாமல் படுத்துக்கொண்டேன். மறுநாள் காலை தலைவாரி, புதுச் சிலேட்டு ஒன்றைக் கையில் கொடுத்து, பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து கத்திக்கொண்டிருந்த ஓட்டுக் கட்டடத்துக்குள் என்னை விட்டுவிட்டுப் போனார். உள்ளே ஒருவர் பிரம்போடு நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. தண்டனைதான்.