ஈப்போக் கணக்கும் என் குசினிச் சுவரும்

மாங்குளம் தொடக்கம் முல்லைத்தீவுக் கடற்கரை வரைக்கும் என்னைப்போலக் கோழிக்கறி வைக்க ஒருவரும் இல்லை. இது பொய். என்னைப்போல வைக்க ஒருவரும் துணியவில்லை என்பதுதான் சரி. ஆனாலும் பயணிகள் தங்குகிற அரசாங்க வாடிவீட்டுக் குசினியில் என்னைப் பல வருடம் வைத்திருந்தார்கள். காரணம் கேட்காதீர்கள். வேறு ஆள் கேட்டு அரசாங்கத்துக்குக் கடிதம் எழுத எல்லாருக்கும் பஞ்சியாக, சோம்பலாக இருந்திருக்கும்.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். அங்கேதான் நாவல் மரம் நின்றது. முன்பக்கம் அவ்வளவு பழக்கமில்லை. அதனால் நான் சொல்ல, என் மருமகள் எழுதுகிறாள். "மாமா, உதை எழுத ஏலாது" என்று அவள் விட்ட இடங்கள் சில உண்டு. அவைதான் நல்ல இடங்கள்.

1. மிஸி வந்தது

எங்கள் வாடிவீடு, கடல் உள்ளே வந்து நிற்கிற கடனீரேரிக் கரையில் இருந்தது. இரண்டு அறை, ஒரு விறாந்தை, பின்னால் குசினி. மாரி தொடங்கிவிட்டால் தண்ணீர் எது, வானம் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. காலையில் வலைகாரர் தோணியைத் தள்ளிக்கொண்டு போவது ஆகாயத்துக்குள் நடந்து போவதுபோல இருக்கும். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்று எத்தனையோ முறை பாலைப் பொங்க விட்டிருக்கிறேன்.

அப்படி ஒரு மாரியில்தான் மலாயாவிலிருந்து மிஸி வந்தார். எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரித் தாதியை மிஸி என்றுதான் சொல்வோம். ஈப்போ என்ற ஊரில் ஆஸ்பத்திரி வாட்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். புருஷன் செத்துப்போனார். அந்தப் புருஷனுக்கு இங்கே வயல் பங்கு ஒன்று இருந்தது. அதைப் புருஷனின் ஆட்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கப்பலில் போய்விடலாம் என்று தனியாக வந்தவர். வயலை எழுதிக் கொடுத்தார். அடுத்த நாளே மலேரியா பிடித்தது. கப்பல் போய்விட்டது.

புருஷனின் தம்பி வேலுப்பிள்ளை பக்கத்துக் குடியேற்றத் திட்டத்தில் நெல் செய்கிறவர். அவருடைய வீட்டில் கலியாணமாகாத மூன்று குமர்ப்பிள்ளைகள், படுக்க இடமில்லை. அதனால் மிஸியை வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாடிவீட்டில் இறக்கினார்.

காய்ச்சலில் மிஸி மலாய் பேசினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் ஏச்சு என்பது விளங்கியது. ஏச்சுக்கு மொழி தேவையில்லை. கண்ணை மூடிக்கொண்டே வலது கைச் சுட்டுவிரலால் காற்றில் ஏதோ எழுதுவார். கடிக்கிற நுளம்பைக் கலைக்கிறார் என்று நினைத்து நான் விசிறி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

2. வராத கையெழுத்து

காய்ச்சல் விட்டது. கையில் கொண்டுவந்த காசு முடிந்துகொண்டு வந்தது. திரும்பிப் போகிற கப்பல் ரிக்கெற்றுக்கு ஈப்போ வங்கியில் கிடந்த அவருடைய பணம் வரவேண்டும். உழைத்த காலமெல்லாம் சேர்த்தது அது. அவருடைய பெயரில் மட்டும்தான் இருந்தது. எழுதிப் போட்டார். பல கிழமை கழித்துப் பதில் வந்தது.

விறாந்தையில் கதிரையில் உட்கார்ந்திருந்து அதைப் படித்துவிட்டு மிஸி சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"சின்னராசா, நான் நானில்லையாம்."

"ஆர் சொன்னது மிஸி?"

"வங்கி சொல்லுது. நான் வைச்ச கையெழுத்து அவையிட்டை இருக்கிற மாதிரிக் கையெழுத்தோடை பொருந்தேல்லையாம்."

வங்கி இரண்டு வழி சொல்லியிருந்தது. ஒன்று, ஓர் அரசாங்க அதிகாரி கண்ணால் பார்த்துச் சாட்சி வைக்க, பழைய கையெழுத்தைப் போட்டு அனுப்ப வேண்டும். மற்றது, நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்களூரில் அதை அற்றோணித் தத்துவம் என்போம். அதை எழுதினால் அந்த ஆளே உங்கள் பெயரில் பணம் எடுக்கலாம், போடலாம், கணக்கை மூடவும் செய்யலாம்.

அன்றிலிருந்து மிஸி விறாந்தை மேசைக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்திருந்து கையெழுத்துப் போட்டுப் பழகினார். காலையில் தேத்தண்ணி கொண்டு போனால் எழுதிக்கொண்டிருப்பார். மத்தியானம் சோறு கொண்டு போனாலும் அதுதான். காய்ச்சலில் வந்த கை நடுக்கம் நின்றுவிட்டது. ஆனாலும் ஒன்றுபோல மற்றது வரவில்லை. ஒன்று படுத்திருக்கும், ஒன்று எழும்பி ஓடும். காற்று வந்து தாள்களை அள்ளிக்கொண்டு போய்க் கடனீரேரியில் விடும். வெள்ளைத் தாள்கள் தண்ணீரில் மெதுவாக மிதந்து போகும். கொக்குகள் தங்கள் இனம் என்று நினைத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். நானும் பார்த்துக்கொண்டு நிற்பேன். உள்ளே பருப்பு அடிப்பிடிக்கும்.

"எல்லாம் வடிவாத்தானே இருக்கு மிஸி? ஏதாவது ஒண்டை அனுப்புங்கோவன்."

"வடிவு ஆருக்கு வேணும்? நான் வேணும்."

வேலுப்பிள்ளை ஒரு நாள் வந்தார். கெட்ட மனுஷன் இல்லை. குடையை மடித்து, காலைக் கழுவிவிட்டுத்தான் படியேறுவார். அவர் கதிரையின் நுனியில் இருந்து கதைத்தார்.

"மச்சாள், உந்தக் கரைச்சல் எல்லாம் ஏன்? வாற வெள்ளிக்கிழமை பத்திரம் எழுதுற நொத்தாரிசைக் கூட்டிக்கொண்டு வாறன். அற்றோணித் தத்துவத்தை என்ரை பேரிலை எழுதுவம். கையெழுத்து வராட்டில் பெருவிரலை வையுங்கோ. நொத்தாரிசு பாத்து உறுதிப்படுத்தினால் வங்கி ஏற்கும்."

"பேந்து?"

"பேந்தென்ன, காசை நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் எங்களோடையே இருங்கோ. தனிப் பொம்பிளை அங்கை போய் என்ன செய்யப் போறியள்? எனக்கும் மூண்டு பெட்டையள்."

வேலுப்பிள்ளை போன பிறகு மிஸி தன் பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஈப்போவிலை என்ரை வீட்டு முத்தத்திலை ஒரு ரம்புட்டான் மரம் நிக்குது, சின்னராசா" என்றார். "இந்தக் கையெழுத்து வந்தால் நான் அதைப் பாப்பன். இல்லையெண்டால் இவையின்ரை வீட்டிலை இருந்து, ஒரு சீலை வேணுமெண்டாலும் இவையிட்டைத்தான் கேக்கவேணும்."

3. கோழி

வெள்ளிக்கு முதல் நாள் டி.ஆர்.ஓ ஐயா சுற்றுப்பயணத்தில் வந்தார். அந்தப் பகுதிக் காரியங்களைப் பார்க்கிற அரசாங்க அதிகாரி அவர். காணிச் சண்டைகளைப் பார்த்துவிட்டு எங்கள் வாடிவீட்டில் சாப்பிடுவார். பெரிய அதிகாரி வந்தால் கோழி அடிக்க வேண்டும். அடித்தேன்.

அன்று காலையில் மழை விட்டு ஒரு மஞ்சள் வெயில் வந்திருந்தது. கடனீரேரிக்கு மேல் வானவில் ஒன்று முழுசாக நின்றது. கறிக்கு உப்புப் போட்டுவிட்டு அதைப் பார்த்தேன். உள்ளே வந்து, போட்டேனா என்று யோசித்து, இன்னொரு முறை போட்டேன். திரும்பவும் போய் வானவில்லைப் பார்த்தேன். மூன்றாம் முறை நடந்ததை மருமகள் எழுதமாட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டில் முதல் வாயிலேயே மிஸி எழும்பினார். டி.ஆர்.ஓ ஐயா மரியாதைக்காக மென்றுகொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர். மிஸி சாப்பாட்டுக் கோப்பையோடு குசினிக்குள் வந்து நின்றார். வாட்டில் எத்தனை பேர் அந்த முகத்தைப் பார்த்து எழும்பி நின்றிருப்பார்களோ தெரியாது. நானும் நின்றேன்.

"இது கறியோ, கருவாட்டுத் தண்ணியோ? உப்பு எத்தினை தரம் போட்டனி?"

"ஒருக்கா, மிஸி."

"பொய்! வாட்டிலை மருந்து குடுத்தால் உடனை எழுதிக் கையெழுத்து வைக்கவேணும். எழுதாட்டில் அடுத்தவள் வந்து திரும்பவும் குடுப்பாள், நோயாளி செத்துப் போவான். இந்தா பார், இப்பிடி!"

அடுப்படியில் கிடந்த கரித்துண்டை எடுத்தார். வெள்ளை அடித்த சுவரில், நின்ற நிலையில், "உப்பு – ஒரு தரம்" என்று சர்ரென்று எழுதினார். அதே வேகத்தில் கீழே ஒரு கையெழுத்தை இழுத்தார். கரித்துண்டை எறிந்துவிட்டுத் திரும்பினார். வாசலில் நின்றுவிட்டார்.

மெதுவாகத் திரும்பி வந்து சுவரைப் பார்த்தார். ஒரு சுழி, ஒரு நீண்ட இழுப்பு, கடைசியில் மீன் வாலைப் போல ஒரு வெட்டு. அடுப்புப் புகை அதற்கு முன்னால் மிதந்து போனது.

"அலாமா..." என்றார் மலாயில், அதிசயப்பட்ட சின்னக் குரலில். "இதுதான் நான்."

எனக்குப் பயம் வந்துவிட்டது. "மிஸி, ஏசுறதெண்டால் இன்னும் ஏசுங்கோ. உப்பிடி நிக்காதையுங்கோ."

"விசரா, நான் ஒருநாளும் கதிரையிலை இருந்து கையெழுத்து வைக்கேல்லையடா. இவ்வளவு வருஷமும் நிண்டுதான் வைச்சனான். வாட்டுச் சுவரிலை மருந்து அட்டையைச் சாத்தி, ஆரையாவது ஏசிக்கொண்டு. வங்கியிலையும் கவுண்டரிலை நிண்டுதான் வைச்சிருப்பன். கதிரையிலை இருந்து இவ்வளவு நாளும் ஆரையோ தேடிக்கொண்டிருந்திருக்கிறன்."

வங்கி அனுப்பியிருந்த பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். டி.ஆர்.ஓ ஐயாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஐயா கை கழுவின ஈரத்தோடு புகைக்குள் வந்து நின்றார்.

"மிஸி, விறாந்தையிலை மேசை இருக்கு, கதிரை இருக்கு. ஏன் இஞ்சை?"

"கதிரையிலை இருந்தால் நான் வேறை ஆள், ஐயா. சுவரிலை வைக்கிறன், நீங்கள் பாருங்கோ." பிறகு என் பக்கம் திரும்பினார். "சின்னராசா, எனக்குக் கோவம் வாற மாதிரி ஏதாவது சொல்லு."

"ராத்திரிச் சாப்பாட்டுக்கும் இதே கறிதான் மிஸி."

கையெழுத்து விழுந்தது. பத்திரத்தில் இருந்ததும் சுவரில் இருந்ததும் இரட்டைப் பிள்ளைகள். டி.ஆர்.ஓ ஐயா சாட்சி வைத்து, முத்திரை குத்தி, தன் காரிலேயே தபால் கந்தோருக்குக் கொண்டுபோனார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை வேலுப்பிள்ளை நொத்தாரிசுடன் வந்தார். மிஸி இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார்.

"பெருவிரல் இல்லை, தம்பி. கையெழுத்து வந்திட்டுது, அனுப்பியும் போட்டன்."

வேலுப்பிள்ளையின் முகம் கறுத்தது. "என்னிலை நம்பிக்கை இல்லையோ மச்சாள்?"

"இருக்கு. மூண்டு குமரை வைச்சிருக்கிற மனுஷனுக்கு முன்னாலை மற்றவளின்ரை காசைத் திறந்து வைக்கக் கூடாது. அது உங்களுக்குச் செய்யிற பாவம். பெட்டையளுக்குக் குடுக்கிறதை என்ரை கையாலை, நான் பாத்துக் குடுப்பன்."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். சீனி போட மறந்திருந்தேன். அவர் கவனிக்கவில்லை.

4. சுண்ணாம்பு

வங்கி ஏற்றுக்கொண்டது. பணம் வந்தது. மாங்குளத்தில் ரயில் பிடிக்கப் போகிற அன்று காலை மிஸி குசினிக்கு வந்தார். சீலையை ஒதுக்கிக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"சுண்ணாம்பு கரை. உந்தச் சுவரை அடி. இப்பவே, என்ரை கண்ணுக்கு முன்னாலை."

"வடிவா இருக்கு மிஸி. கிடக்கட்டுமே, உங்கடை ஞாபகமா."

"உன்ரை குசினிக்குள்ளை நாளைக்கு ஆர் வாறான், ஆர் போறான் எண்டு உனக்குத் தெரியுமே? அது படமில்லை. என்ரை வீட்டைப் பூட்டித் திறக்கிற திறப்பு."

அடித்தேன். சுழி போனது, இழுப்பு போனது, கடைசியாக மீன் வால் போனது. மிஸி சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, சுண்ணாம்பு விரலை என் தோளில் துடைத்துவிட்டுப் போனார். பஸ் ஏறிய பிறகு, நான் வழியில் சாப்பிடக் கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சலைப் பக்கத்து ஆளுக்குக் கொடுத்ததை யன்னலால் கண்டேன்.

வாடிவீட்டு வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். வந்தவர் விட்டுப்போகிற குடையையும் பெட்டியையும் எல்லாரும் பத்திரமாக வைப்பார்கள். அவர் தெரியாமல் காட்டிவிட்டுப் போகிற விஷயங்களும் உண்டு. அவற்றையும் பத்திரமாக வைக்க வேண்டும். அது பில்லில் வராது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பக்கத்து உப்புக் காற்றுக்குச் சுண்ணாம்பு நிற்காது. அடுத்த மாரியில் சுவர் ஈரம் குடித்தது. ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், வெள்ளைக்குள்ளிருந்து சுழி மெதுவாக எழும்பி வருகிறது, தண்ணீருக்குள் நிற்கிற ஆளைப்போல. நான் கரண்டியைப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன். அந்த நேரம் பார்த்து வேலுப்பிள்ளை மழைக்குக் குசினிக்குள் ஓடி வந்தார். மூத்த மகளுக்குக் கலியாணம், சொல்ல வந்தவர்.

ஓடிப்போய் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"என்னடா, சோறு போடமாட்டியே?"

"இடுப்பு நாரி பிடிச்சிட்டுது அண்ணை. நீங்களே போட்டுச் சாப்பிடுங்கோ."

அவர் போட்டுச் சாப்பிட்டார். மச்சாள் கலியாணத்துக்குக் காசு அனுப்பின கதையைச் சொன்னார். நல்ல கதை. எனக்குப் பாதி கேட்கவில்லை. முதுகெல்லாம் ஈரம். ஈரச் சுண்ணாம்பும் கரியுமாகப் பெனியனில் ஏதோ ஒட்டுவது தெரிந்தது. சுவரில் இருந்தது இப்போது என்னில் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது, எனக்குத் தெரியாது. என் முதுகை நான் ஒரு நாளும் கண்டதில்லை.

மெதுவாகச் சுவரை விட்டு விலகினேன். அவருக்கு முகத்தைக் காட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்தேன்.

"உதென்னடா நடை?"

"வைத்தியர் சொன்னவர் அண்ணை, நாரிக்கு நல்லதாம்."

அப்படியே வாசலைத் தாண்டி, மழைக்குள், முதுகைக் கழுவக் கரையில் இறங்கினேன். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. நான் நிற்கவில்லை. இடுப்புக்கு வந்தபோது அவர் கரையில் நின்று...

"இஞ்சாருங்கோ! அந்தப் பிள்ளையை விடுங்கோ, அவள் பாவம். மாடு பயித்தங்கொடிக்குள்ளை நிக்குது, வந்து கலையுங்கோ!"

இது கதையில் இல்லை, முற்றத்திலிருந்து என் மனைவி கூப்பிடுகிறாள். மாடு நின்றால் பயிர் போகும். போய்விட்டு வருகிறேன், மருமகள். அதுவரைக்கும் என்னைத் தண்ணீருக்குள்ளேயே நிற்கவிடு.