அண்ணன் மறுபடியும் இறங்கிய ஆறு

எங்கள் அண்ணனுக்குக் கல்லறை இல்லை. கல்லறைத் திருநாளில் சாந்தோம் குப்பமே பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கிளம்பும்போது எங்கள் வீடு மட்டும் சாத்தியே கிடக்கும். இப்போதுதான் முதன்முறையாக அண்ணனின் ஆத்துமத்துக்குப் பூசை வைக்கிறோம். அதற்கு அழைக்கும் உற்றார் உறவினருக்கும் நண்பர்களுக்கும் கொடுக்கும் இந்த நினைவு மலரில் அண்ணனைப் பற்றி எழுத, தங்கையான எனக்கு அம்மா உத்தரவு தந்திருக்கிறார்.

அண்ணன் பிறந்து வளர்ந்தது இந்தக் குப்பத்தில்தான். அப்பா கட்டுமரக்காரர். அம்மா மந்தைவெளிப் பக்கம் கூடை சுமந்து மீன் விற்றவர். நடை பழகிய வயதிலேயே அண்ணனுக்கு நீச்சலும் வந்துவிட்டதாம். பாட்டுத்தான் வரவில்லை. ஆனாலும் கோயிலில் எல்லாரையும்விட உரக்கப் பாடுவார். பாட்டுக்குழு ஆசிரியர் பொறுக்க முடியாமல், "நீ தேருக்குக் குடை பிடிப்பா, அது போதும்" என்று அனுப்பிவைத்தார். அண்ணன் குடையையும் பிடித்துக்கொண்டு பாடினார்.

புயலில் எங்கள் கட்டுமரம் உடைந்த ஆண்டு அவர் பட்டாளத்தில் சேர்ந்தார். ஆறுகளில் பாலம் போடும் படைப்பிரிவு. விடுமுறையில் வந்தால் சீருடையைக் கழற்றி மாட்டிவிட்டு அப்பாவோடு கடலுக்குப் போய்விடுவார். நான் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று வீட்டில் சண்டை போட்டவரும் அவரே.

எழுபத்தொன்றாம் ஆண்டுப் போர் முடிந்து ஊரெல்லாம் இனிப்பு வழங்கிக்கொண்டிருந்த வேளையில் எங்களுக்குத் தந்தி வந்தது. கிழக்கு எல்லைக்கு அப்பால் ஓர் ஆற்றைக் கடக்கும்போது அண்ணன் காணாமல் போனார் என்று மட்டும் அதில் இருந்தது. உடல் கிடைக்கவில்லை.

முதலில் ஆறுதல் சொன்னவர்களே பிறகு வேறு மாதிரிப் பேசத் தொடங்கினார்கள். "கடல்லயே கெடந்தவன் ஆத்துல முழுகிட்டானாம். இன்னா கதை இது? நீந்தி அக்கரைக்குப் போய், அப்டியே எங்கனா ஓடிப் பூட்டிருப்பான்" என்றார் ஒருவர். விவரம் கேட்கப் போன இடத்தில் ஓர் அலுவலர் அப்பாவின் முகத்துக்கு நேராகவே, "வேதக்காரக் குப்பத்துப் பசங்க சோத்துக்குத்தானே பட்டாளத்துல சேர்றாங்க" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் அப்பா கரையில் யாரோடும் உட்கார்ந்து வலை பின்னவில்லை. மகன் எப்படிப் போனான் என்று தெரியாமலே அவரும் கண்மூடினார்.

அம்மா மட்டும் யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. அது எனக்குக் கோபமாக இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன். அம்மா தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஓடியே போயிருக்கட்டும்டி. எங்கனா உசுரோட இருந்தா போதும் எனக்கு." பங்குச் சாமியார் பூசை வைக்கலாமா என்று கேட்ட போதெல்லாம் அம்மா ஏன் தலையை ஆட்டி மறுத்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

சில ஆண்டுகள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊன்றுகோலோடு ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர், அண்ணனின் படைப்பிரிவில் ஹவில்தாராக இருந்தவர். செயற்கைக் கால் பொருத்திக்கொள்ளச் சென்னைக்கு வந்திருந்தார். உள்ளே நுழைந்ததும் சுவரில் மாட்டியிருந்த அண்ணனின் படத்தைப் பார்த்தார்.

"தம்பி படத்துக்கு ஒரு மாலை கூடப் போடலையேம்மா?"

"காணோம்னுதானே சொன்னாங்க நைனா" என்றார் அம்மா.

அவர் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு நடந்ததைச் சொன்னார். விடியற்காலையில் ஆற்றின் நடுவே அவர்கள் போன படகைக் குண்டுகள் துளைத்தன. படகு கவிழ்ந்தது. பலருக்கு நீச்சல் தெரியாது. அண்ணன் ஒருவரை இழுத்துக் கரை சேர்த்துவிட்டு மீண்டும் இறங்கினார். காலில் குண்டு பட்டு மூழ்கிக்கொண்டிருந்த ஹவில்தாரை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தார். அண்ணனுக்கும் தோளில் அடிபட்டிருந்தது. போகாதே என்று ஹவில்தார் கையைப் பிடித்திருக்கிறார். "இன்னொருத்தன் கூப்பிடறான், அண்ணே" என்று கையை விடுவித்துக்கொண்டு அண்ணன் மறுபடியும் ஆற்றில் இறங்கினார். அதன்பின் யாரும் அவரைப் பார்க்கவில்லை. கரையில் நின்று எல்லாவற்றையும் கண்ட அதிகாரி அன்றே வீரமரணம் அடைந்தார். ஹவில்தாரோ நினைவிழந்த நிலையில் வடக்கே ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். அண்ணன் செய்ததை மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள் என்றே அவர் இத்தனை காலமும் நம்பியிருந்தார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் பொத்திவைத்திருந்த நம்பிக்கை அந்த நிமிடம் அணைந்துபோனது. அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்.

"தண்ணி ரொம்ப சில்லுனு இருந்துச்சா நைனா?"

"இருந்துச்சும்மா" என்றார் அவர். "ஆனா அவன் முதுகு சூடா இருந்துச்சு. அத நான் மறக்கல."

அம்மா அவர் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு அழுதார். அண்ணனுக்காக அம்மா வாய்விட்டு அழுதது அன்றுதான்.

ஹவில்தார் அதோடு நிற்கவில்லை. அவரைப் போலவே பிறர் சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிட்ட, அண்ணன் முதலில் கரை சேர்த்த வீரரையும் தேடிப் பிடித்து, இருவருமாகப் படைப்பிரிவின் தலைமை அதிகாரியிடம் சாட்சி சொன்னார்கள். விசாரணை மெல்ல நகர்ந்தது. முடிவில் இந்த ஆண்டு, முகாம் மைதானத்தில், வீரத்துக்கான பதக்கத்தை அம்மாவின் கையில் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் வாசித்ததை ஹவில்தார் பக்கத்தில் நின்று அம்மாவின் காதில் தமிழில் சொன்னார். அதிகாரி சல்யூட் அடித்தபோது அம்மா கைகூப்பி, "அவங்கப்பா இருந்து கேட்டிருக்கணும்" என்றார். வீடு திரும்பியதும், "சாமியாரைப் பார்த்துப் பூசைக்குச் சொல்லிடு" என்றார்.

எங்களுக்கு அண்ணனை மீட்டுத் தந்த ஹவில்தார் அண்ணனுக்கும், சாட்சி சொன்ன மற்ற வீரருக்கும், பொறுமையோடு விசாரித்த தலைமை அதிகாரிக்கும், கேட்காமலே பூசை நாளன்று கடலுக்குப் போகாமல் கட்டுமரங்களைக் கரையில் நிறுத்த முன்வந்த குப்பத்தாருக்கும், பங்குச் சாமியாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலரை யார் யாருக்குக் கொடுப்பது என்று அம்மாவிடம் கேட்டேன். அண்ணன் ஓடிப்போனதாக அன்று பேசியவர்களின் வீடுகளை விட்டுவிட வேண்டும் என்பது என் எண்ணம். அம்மா ஒப்பவில்லை.

"அவங்க வூட்டுக்குத்தான் மொதல்ல குடு. அவன்கூட அலையில வெள்ளாடினவங்கடி. அவங்களும் வந்து அழுதாத்தான் எம்புள்ளைக்கு நெறைவா இருக்கும்."

அதனால்தான் இது உங்கள் கைக்கும் வந்திருக்கிறது. வாருங்கள். பூசை முடிந்ததும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அம்மா பந்தியில் உங்கள் முகங்களைத் தேடுவார்.