உப்பு கூடிப்போன ஷாம்பு

நுரை பொங்குவதற்கும் அழுக்குப் போவதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. இதை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்குத்தான் நுரை தள்ளிப்போனது. அவர்களுக்கு, நுரைக்காவிட்டால் அது ஷாம்பு இல்லை. கெட்டியாக இல்லாவிட்டால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கொழும்புக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் வெள்ளைக் கோட்டு போட்ட பெரியவர்களும் இதையேதான் நம்பினார்கள். என்ன, அதை ஆங்கிலத்தில் நம்பினார்கள்.

அந்தத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளராக இருந்தேன். ஆட்குறைப்பு வந்தபோது என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு என்றால் மலையில் பூனாகலைப் பக்கம் ஒரு லயத்துக் காம்பரா, வரிசை வீடுகளில் ஓர் அறை. அதில் கொழுந்து பறிக்கும் என் அக்காவும், பள்ளிக்கூடம் போகும் அவள் மகளும் இருந்தார்கள். அம்மாவும் அப்பாவும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்காவின் புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போன இடத்தில் வேறொரு குடும்பம் நடத்துகிறான். அந்த ஆளைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

பெட்டியோடு நான் வந்து இறங்கியபோது அக்காவும் ஒரு பெட்டியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள். குவைத்துக்குப் போகிறாளாம், வீட்டு வேலைக்கு. பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. பண்டாரவளையில் ஒரு ஏஜென்ட், வாய் நிறைய அக்கா அக்கா என்று கூப்பிட்டுக் காரியத்தைப் பாதி முடித்து வைத்திருந்தான். அவன் குரலைப் போனில் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"போகாத அக்கா," என்றேன்.

"போகாம? தோட்டத்துல வேல நாளு கொறைஞ்சிக்கிட்டே வருது, புள்ள வளந்துக்கிட்டே வருது. இங்க என்னா இருக்கு, சொல்லு."

சொல்வதற்கு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எனக்கு ஷாம்பு செய்யத் தெரியும். பதுளைக் கடைவீதியில் எங்களுக்குப் பழக்கமான முதலாளி ஒருவர் இருந்தார். தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து கடை போட்ட குடும்பம். சரக்கு நன்றாக இருந்தால் வாங்கி வைக்கிறேன் என்று அவர் சொன்னார். நான் செய்வது, அக்கா போத்தலில் அடைப்பது, அவர் விற்பது என்று திட்டம்.

அக்கா யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பொங்கல் வரைக்கும் பாக்குறேன். மொதலாளி எடுத்துக்கிட்டாருன்னா நான் போகல. இல்லேன்னா நீ என்னைய தடுக்கக் கூடாது."

எங்கள் ஆய்வுக்கூடம் அக்காவின் தலைதான். இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி அவளுக்கு. ஆனால் உச்சியில் மட்டும் ஒரு பட்டை தேய்ந்து மெலிந்திருக்கும். கொழுந்துக் கூடையின் கயிறு ஆண்டுக்கணக்காக அழுத்திய இடம் அது. வியர்வை, தேங்காயெண்ணெய், மலைத்தூசி எல்லாம் சேர்ந்த அந்தத் தலையை அவள் துணி துவைக்கும் சவர்க்காரத்தால் தேய்த்துக் கழுவுவாள். சவர்க்காரம் காரத்தன்மை உள்ளது. முடியின் மேல்பரப்பு மீன் செதில் போலப் படிந்திருக்க வேண்டும். காரம் பட்டால் செதில்கள் தூக்கிக்கொள்ளும், ஒன்றோடொன்று உரசும், முடி சிக்காகி அறுந்துபோகும். அதனால்தான் ஷாம்பில் கொஞ்சம் சிட்ரிக் அமிலம் சேர்த்துக் காரத்தை இறக்குகிறோம்.

அழுக்கெடுக்கும் பொருள் வேறு. சோடியம் லாரெத் சல்பேட் என்ற பசை, கொழும்பு புறக்கோட்டைக் கடையிலிருந்து கேனில் வந்தது. அதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். வால்கள் எண்ணெய்ப் பிசுக்கைச் சூழ்ந்து குத்தி நிற்க, தலைகள் தண்ணீரின் பக்கம் திரும்பியிருக்க, தண்ணீர் ஓடும்போது பிசுக்கும் உருண்டையாகிக் கூடவே போய்விடும். இதை அடுப்படியில் அக்காவுக்கு விளக்கினேன்.

"அப்ப அது கங்காணி மாதிரின்னு சொல்லு," என்றாள். "ஒரு பக்கம் தொரைய பாத்துச் சிரிக்கும், இன்னொரு பக்கம் நம்மள புடிச்சி வச்சிக்கிடும்."

எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பராக்காரி எட்டிப் பார்த்தாள். அக்கா அப்படிச் சிரித்ததை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அந்தப் பசையைத் தண்ணீரில் கரைத்து, அதன் கடுமையைத் தணிக்கத் தேங்காயிலிருந்து செய்யும் இன்னொரு நுரைப்பொருளும் சேர்த்தால், கிடைப்பது தண்ணீராகத்தான் இருக்கும். அதைக் கெட்டியாக்குவது சாதாரண உப்பு. சமையல் உப்பேதான். தண்ணீருக்குள் அந்த மூலக்கூறுகள் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கூடியிருக்கும். உப்புப் போட்டால் உருண்டைகள் நீண்டு இழைகளாகும். இழைகள் இடியப்பம் போலப் பின்னிக்கொள்ளும்போது திரவம் கெட்டியாகும். ஆனால் அதற்கு ஓர் உச்சி உண்டு. உச்சியைத் தாண்டி உப்புப் போட்டால் பின்னல் தளர்ந்து வழுக்கி, மறுபடியும் தண்ணீராகிவிடும். இதையும் அக்காவிடம் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

லயத்துக்குப் பின்னால் மலையிலிருந்து குழாய் வழியாக விழும் பீலித் தண்ணீரில் அக்காவின் தலையைக் கழுவிப் பார்த்தோம். எண்ணெய்த் தலையில் முதல் தடவை நுரை எழும்பாது, எண்ணெய் நுரையைக் கொன்றுவிடும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். இரண்டாம் தடவை பொங்கி வந்தது. முடி காய்ந்த பிறகு அக்கா அதை முன்னால் எடுத்துப் போட்டுத் தடவித் தடவிப் பார்த்தாள். சிக்கில்லை. உச்சியில் அந்தத் தேய்ந்த பட்டையில்கூட எரிச்சல் இல்லை. பெண்கள் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். பனி இறங்கும் மலைக்காலையில் ஷாம்பு தேன் போல மெதுவாக அசைந்தது. "கெட்டியா இருக்குடி," என்று தீர்ப்பும் வந்தது. எனக்கும் அது பொன்னாகத் தெரிந்தது.

பதுளைக்குக் கொண்டுபோனோம். மலையிலிருந்து இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடைவீதியில் வெயில் அடித்தது. முதலாளி மூடியைத் திறந்து உள்ளங்கையில் சாய்த்தார். விரலிடுக்கு வழியாக எல்லாம் ஓடிப்போனது.

"என்னாம்மா இது, தண்ணி மாதிரி ஓடுது? வாங்குறவங்க என்னையதானே கேப்பாங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "கெட்டியா செஞ்சிக்கிட்டு வாங்க, பொங்கலுக்கு முன்னாடி எடுத்துக்கிறேன்."

அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. சூட்டில் இழைகள் சுருங்கும், பின்னல் தளரும். நாங்கள் மலைக்குளிரில் கெட்டி பார்த்துக் கீழே சூட்டில் விற்க வந்திருக்கிறோம். குளிரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு புத்தி வரும். தொழிற்சாலையில் அறையின் வெப்பத்தை ஓர் இயந்திரம் பார்த்துக்கொள்ளும், இங்கே யார் பார்ப்பது? பரவாயில்லை, இது தீர்க்கக்கூடிய சிக்கல்தான். மாதிரியை வெந்நீரில் வைத்துப் பதுளைச் சூட்டுக்குக் கொண்டுவந்து, சிட்டிகை சிட்டிகையாக உப்புச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் திரும்பும்போது அக்காவிடம் அப்படியே சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நான் வெப்பமானி வாங்கப் பண்டாரவளைக்குப் போனேன். அன்று மழை. கொழுந்து பறிக்கப் போனவர்களை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்கா வீட்டில் தனியாக இருந்தபோது ஏஜென்ட் போன் செய்திருக்கிறான். மெடிக்கலுக்கு நாள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றிருக்கிறான். போனை வைத்துவிட்டு அவள் நேரே ஷாம்பு கலக்கி வைத்திருந்த கேனிடம் போயிருக்கிறாள். குவைத்துக்குப் போகக் கூடாது என்றுதான் அதனிடம் போயிருக்கிறாள்.

உப்புப் போட்டாள். கெட்டியானது. பதுளைச் சூட்டுக்கு இது போதாது என்று இன்னும் போட்டாள். தளர்ந்தது. இன்னும் உப்புக் குறைகிறது போல என்று நினைத்து அள்ளிப் போட்டாள். உச்சிக்கு இந்தப் பக்கமும் தண்ணீர், அந்தப் பக்கமும் தண்ணீர். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்வைக்குத் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் பழகிய நானே அளந்துதான் சொல்ல முடியும். அவள் எதைக் கொண்டு அளப்பாள்?

நான் நனைந்துகொண்டு உள்ளே வந்தபோது அவள் கேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உப்புச் சிரட்டை காலி.

"எவ்வளவு போட்டும் கெட்டியாகலடி," என்றாள். "இன்னும் கொஞ்சம் உப்பு வாங்கியாரட்டுமா?"

கலங்கிய தண்ணீராக இருந்தது. நான் கத்தினேன். அவளைப் பார்த்து அல்ல, அந்தக் கேனைப் பார்த்து. பிள்ளை பயந்து அழுதது. அதை மீட்க ஒரே வழி, பசையை மேலும் மேலும் சேர்த்து உப்பை அடக்குவது. பசை தீர்ந்திருந்தது. புதிதாகத் தருவிக்கக் கையில் காசும் இல்லை, பொங்கலுக்குள் நேரமும் இல்லை. அதிலே என்னை எரித்த விஷயம் வேறு: அந்தத் தண்ணீர் முன்னைப் போலவே அழுக்கெடுத்தது. தலையும் வாலும் அப்படியேதான் இருந்தன. கெட்டி போனதே தவிர குணம் போகவில்லை. ஆனால் அதை விற்கச் சொல்லி எந்த முதலாளியிடம் போய் நிற்பது?

பொங்கலுக்கு அக்கா கோலம் போட்டாள். தை பிறந்து கொஞ்ச நாளில் புறப்பட்டாள். கொடுத்த வாக்குக்கு நான் தடுக்கவில்லை. கடைசிக் காலை அந்தத் தண்ணி ஷாம்பால் தலைமுழுகி, ஒரு போத்தலைப் பெட்டியிலும் வைத்துக்கொண்டாள்.

"அழுக்குப் போவுதுல்ல. எனக்கு அது போதும்," என்றாள்.

மிச்சத்தை நான் கொட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மகளுக்குத் தலை கழுவ எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைக்கும் அம்மாவின் முடிதான், முதுகைத் தாண்டிவிட்டது. பதுளைக் கடையில் இப்போது வேறு ஷாம்புப் பைக்கட்டுகள் மாலை மாலையாகத் தொங்குகின்றன. நான் வேலை தேடுகிறேன் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் எதையும் தேடவில்லை. எதைத் தொட்டாலும் உச்சிக்கு எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று தெரியாத பயம் ஒன்று வந்துவிட்டது. அது போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

போன ஞாயிறு பீலியடியில் பிள்ளையின் தலையில் நுரை பொங்கியிருந்த நேரம் அக்கா போன் செய்தாள். குவைத்து வீட்டுக்காரர்கள் அவளைப் பேச விடுவதே அபூர்வம். ஈரக்கையோடு காதில் வைத்துக்கொண்டு, பேச்சுக்குக் கேட்டேன்.

"அந்த ஷாம்பு தீந்துருச்சா அக்கா? யாராவது வந்தா குடுத்து விடட்டுமா?"

"வேணாம்டி. அது அப்பிடியே இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வந்த மறுநாளே முடிய ஒட்ட வெட்டி விட்டுட்டாங்க. சாப்பாட்டுல விழுகுமாம். புள்ளகிட்ட சொல்லிப்புடாத."

"அம்மாவா? என்ன சொல்லுது?" என்று பிள்ளை முகத்தை நிமிர்த்தியது.

கண்ணை மூடிக்கொள், எரியும் என்று சொல்லிவிட்டு, நான் அதன் தலையில் தண்ணீரை ஊற்றினேன்.